எருக்கலாங்குளத்தில் இறங்கிய மனசு

ஆடிக் காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகிற வேகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், விடிவதற்கு முன்னால் திருச்சியில் ஏறி உட்கார்ந்து இருநூற்று நாற்பத்தேழு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்த ஜெசிந்தா மேரியின் மனசு, கோவில்பட்டியைத் தாண்டி எருக்கலாங்குளம் பஸ் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டது. உடம்பு இறங்கவில்லை. அது பாட்டுக்கு, தலையில் கவசமும் முதுகில் வியர்வை காய்ந்த உப்புக் கோடுமாக, வலது கால் இடது கால் என்று மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே தெற்கே கயத்தாறு பார்த்துப் போய்விட்டது.

நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் தங்கப்பழம் அண்ணாச்சி இதைத் தன் ரெண்டு கண்ணாலும் பார்த்தார். சைக்கிளில் ஒரு அம்மா போகிறாள், அதே அம்மா, அதே மஞ்சள் சட்டையோடு, சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து போகிறவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அண்ணாச்சி கையிலிருந்த டீயை நிதானமாக ஆற்றி முடித்து, கேட்டவரிடம் கொடுத்துவிட்டு, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்க மனசுதான?"

"ஆமாங்க."

"உடம்பு போகுதே."

"போகட்டுங்க. என்னால முடியல."

"இந்த எடத்துல எல்லாருக்கும் ஒரு சடவு, சலிப்பு வரும் தாயி. மெட்ராஸ்லருந்து மிதிச்சு வாரவுகளும் சரி, பெங்களூர்லருந்து மிதிச்சு வாரவுகளும் சரி, இங்கன வந்துதான் பேய் முழி முழிப்பாக. நீங்க இறங்கிட்டீய, அம்புட்டுதான். டீயா காப்பியா?"

மனசு டீ வேண்டும் என்றது. குடிக்கவில்லை, ஆவியை மட்டும் மோந்து பார்த்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்தது. பிறகு எழுந்து நிறுத்தத்தின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கும் அந்தத் தூணிலிருந்து இந்தத் தூணுக்கும் நடக்க ஆரம்பித்தது. இருப்புக் கொள்ளவில்லை அதற்கு.

சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களைக் கேட்டால் முழங்கால் என்பார்கள், உட்காருகிற இடம் என்பார்கள், காற்று என்பார்கள். நம்பாதீர்கள். கால் கடைசியில்தான் கைவிடும், மனசு அதற்கு ரொம்ப முன்னாலேயே கைவிட்டுவிடும். முதல் நூறு கிலோமீட்டருக்கு அது பாட்டுப் பாடும், போகிற வருகிற ஆட்டுக்கெல்லாம் பேர் வைக்கும். அப்புறம் கணக்குப் போடும். இவ்வளவு போனால் இவ்வளவு மிச்சம் என்று கூட்டும் கழிக்கும், ஒருதரம் வந்த விடை மறுதரம் வராது. அப்புறம் சண்டைக்கு வரும், என்றைக்கோ செத்துப்போன கணக்கு வாத்தியாரிடம்கூட நியாயம் கேட்கும். இருநூறு தாண்டினால் பாட்டும் இல்லை, கணக்கும் இல்லை, சண்டையும் இல்லை. காலியான ரோடும் காற்றும், ஒரேயொரு நினைப்பும் மட்டும் மிஞ்சும். அந்த ஒரு நினைப்பு எது என்பதில்தான் ஒவ்வொருவருக்கும் தலையெழுத்து மாறுகிறது.

ஜெசிந்தாவுக்கு அது ஒரு அறை. கன்னத்தில் விழுந்த அறை. விழுந்தது மகள் ஜோவிட்டாவின் கன்னத்தில், அடித்தது இவள் கை. பதினாலு மாதத்துக்கு முன்னால், ப்ளஸ் டூ மார்க் வந்த அன்றைக்கு, திருச்சியில் இவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில், பெயர் கூப்பிடக் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அடித்தாள். மார்க் குறைந்ததற்காக அடிக்கவில்லை. "எனக்கு இது போதும்மா" என்று அந்தப் பெண் சிரித்தாளே, அந்தச் சிரிப்புக்காக அடித்தாள். ஜோவிட்டா அழவில்லை. ரெண்டு பையில் துணியை அடைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கேயே ஒரு காலேஜில் சேர்ந்தும் விட்டாள். இவள் போன் பண்ணவில்லை. அவளாகப் பண்ணட்டும் என்று ஒரு மாதம், எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு மாதம், இனிமேல் பண்ணினால் என்ன நினைப்பாளோ என்று பன்னிரண்டு மாதம்.

வீட்டிலும் வேலையிலும் அந்த அறையின் சத்தம் கேட்காது. நூறு சத்தத்துக்கு நடுவே அது எங்கோ அமுங்கிக் கிடக்கும். நாற்பது மணி நேரத்தில் அறுநூறு கிலோமீட்டர், துணைக்கு ஆள் வரக்கூடாது, பின்னால் வண்டி வரக்கூடாது, போகும் வழியில் அட்டையில் முத்திரை குத்தி வாங்கி வர வேண்டும் என்கிற இந்தப் பந்தயத்துக்கு அவள் வந்தது இது மூன்றாவது தடவை. ரெண்டு தடவையும் இருநூற்று ஐம்பதை ஒட்டியே, மைல்கல்லுக்கு மைல்கல் பளார் பளார் என்று அந்த அறை கேட்கத் தொடங்கியதும், முழங்கால் வலி என்று சொல்லி சைக்கிளை பஸ்ஸின் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். மூன்றாவது தடவை உடம்பு பிடிவாதமாக நிற்கமாட்டேன் என்றது. மனசு இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து இறங்காமலேயே கண்டக்டர் மந்திரமூர்த்தி ஜன்னல் வழியாகச் சேதி சொன்னார். "ஏக்கா, ஒங்க உடம்பு நாங்குனேரி தாண்டிருச்சாம். நாகர்கோவில் வண்டிக்காரன் பாத்திருக்கான். நல்ல வேகம். கடையில தொங்குற தார்லருந்து போற போக்குலயே ரெண்டு பழத்தப் பிச்சுத் தின்னுக்கிட்டுப் போகுதாம், பசிக்கு ஒரு கொறையும் இல்ல." மனசு தலையாட்டியது. முந்நூறாவது கிலோமீட்டரில் திரும்ப வேண்டும் என்று உடம்புக்கு யார் சொல்வது? அது நேரே போனது. வள்ளியூர் போனது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் பெருங்காற்றோடு முட்டி மோதிக் கடந்தது, மூன்றாம் நாள் கன்னியாகுமரியில் நிலம் தீர்ந்துபோனதும் கடலுக்குள் இறங்காமல், ஒரு ரவுண்டானாவைச் சுற்றத் தொடங்கி, சுற்றிக்கொண்டே இருந்தது. சூரியன் பார்க்க வந்த ஜனம் அதையும் பார்த்தது, இளநீர் நீட்டியது, சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

எருக்கலாங்குளத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வந்தது மனசு, அதற்கு ஓர் இடம் ஏற்பாடு செய்ய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பஞ்சாயத்தில் கூடிப் பேசினார்கள். பஸ் நிறுத்தத்தின் வடக்கு மூலையை மனசுக்கு ஒதுக்குவது, பஸ் ஏற வருகிறவர்கள் தெற்கு மூலையோடு நின்றுகொள்வது என்று முடிவானது. ரேஷன் அட்டை ஒன்று போட்டுவிடலாம் என்று ஒருத்தர் சொல்ல, அழைத்துக்கொண்டு போய் ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். கருவி மூன்று தடவையும் பொருந்தவில்லை என்றது. "எங்க அம்மைக்கும் பொருந்தல, அவளுக்கு உடம்பு இருந்தும் பொருந்தல" என்று வரிசையில் நின்றவர் ஒருத்தர் சொல்லவும், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பேர் வைப்பதில்தான் கொஞ்சம் இழுபறி. ஜெசிந்தா என்பது சிலருக்கு வாயில் நுழையவில்லை. கடைசியில் மனசக்கா என்று கூப்பிட்டார்கள், அதற்கு அதுவும் திரும்பிப் பார்த்தது.

நாலாம் நாள் குருவம்மாள் வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை அவளுக்கு, புருஷன் சங்கையா லாரி டிரைவர். ஒருதரம் வண்டியில் ஏறினால் பத்து நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். வேலை விட்டு வருகிற வழியில் இந்த மனசு தூணுக்குத் தூண் நடப்பதை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு நின்று கேட்டாள்.

"யக்கா, நீங்க எப்படியும் கெடந்து அலையத்தான போறீய?"

"ஆமா. உட்கார முடியல."

"சும்மா அலையுறதுக்கு என் கவலையவும் சேத்துச் சுமந்துக்கிட்டு அலையக்கூடாதா? அந்த மனுசன் வண்டிய எங்கன கவுத்துட்டானோ, தூங்கி விழுந்துட்டானோன்னு பதினாறு வருசமா நெஞ்சு அடைச்சுக்கிட்டே கெடக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நிம்மதியா நான் கண்ண மூடணும்."

மனசு சரி என்றது. குருவம்மாள் முந்தானையில் சொருகியிருந்த மஞ்சள் துணியை எடுத்தாள். சாமிக்கு நேர்ந்துகொண்டு காசு முடிகிற துணி அது. காசுக்குப் பதிலாக அதற்குள் தன் கவலையை முணுமுணுவென்று சொல்லி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, மனசக்கா கையில் கொடுத்தாள். முடிந்து வைத்துவிட்டால் அப்புறம் அது சாமி பொறுப்பு, நாம் நினைக்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். குருவம்மாளும் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று படுத்தவள் மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதித்தான் எழுந்தாள். முகம் தெளிந்து, பத்து வயது குறைந்து அவள் ஆபீசுக்குள் நுழைந்ததைப் பார்த்தார்கள் நாற்பது பெண்கள். விஷயம் காதோடு காதாகப் பரவிவிட்டது.

அப்புறம் என்ன, ஊரே திரண்டு வந்தது. கல்யாணம் தட்டிப் போகிற கவலை, சர்க்கரை ஏறுகிற கவலை, மருமகள் தனிக்குடித்தனம் போய்விடுவாளோ என்கிற கவலை, மாமியார் கூடவே வந்துவிடுவாளோ என்கிற கவலை, மழையின் கவலை, பாம்பு பயம், மேம்பாலம் ஒன்று வந்து தன் கடையை மூடிவிடும் என்று ஏழு வருஷமாகத் தங்கப்பழம் அண்ணாச்சி அடிவயிற்றில் வைத்திருந்த திகில், எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் முடிந்து முடிந்து கொண்டுவந்து வடக்கு மூலையின் இரும்புக் கம்பியில் கட்டிவிட்டுப் போனார்கள். மனசக்கா ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நடந்தாள். காலையில் பாம்பு பயத்தோடு நடந்தாள், மத்தியானம் மழைக்காக நடந்தாள், பொழுது சாயச் சங்கையாவின் லாரிக்காக ரோட்டையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது, ஒளிப்பானேன். அடுத்தவர் கவலை எத்தனை சுகமான பாரம்! நெஞ்சு முழுக்க நிறைத்துக்கொள்ளலாம், எதிலும் தன் குற்றம் கிடையாது. இத்தனை சத்தத்துக்கு நடுவில் அந்த ஒரு அறையின் சத்தம் கேட்கவே இல்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். உடம்பு ஒன்று இருந்தது என்பதும் மெல்ல மறந்துவந்தது.

ஊருக்கு வந்த நிம்மதிதான் கொஞ்சம் அளவு மீறிப் போய்விட்டது. ஆறாம் நாள் அடுப்பில் வைத்த பால் எல்லா வீட்டிலும் பொங்கி வழிந்தது, யாரும் ஓடவில்லை. ஆடுகள் பக்கத்துப் புஞ்சையில் புகுந்து மேய்ந்தன, புஞ்சைக்காரன் மேயட்டும் என்றான். தீப்பெட்டி ஆபீசில் குச்சியின் மருந்துத் தலையை உள்ளே தள்ளிக் கட்டையை வெளியே நீட்டி அடுக்கினார்கள், முதலாளி குதியோ குதி என்று குதிக்க, "அதனால என்ன?" என்று கேட்டார்கள். தங்கப்பழம் அண்ணாச்சியின் டீயை வாயில் வைக்க முடியவில்லை. கடை போய்விடும் என்ற பயத்தில்தான் ஏழு வருஷமாக மனுஷர் அப்படி டீ போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

கண்டக்டர் மந்திரமூர்த்தி மட்டும் இந்த ஊர்க்காரர் இல்லை, கவலையை யாரிடமும் கொடுக்கவில்லை. அதனால் அவர் சொல்வது நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது. "யக்கா, ஒங்க உடம்பு மெலிஞ்சு போச்சாம். உதடு வெடிச்சு ரத்தம் வருதாம். செருப்புல அடி தேஞ்சு பாதம் தெரியுதாம். பாத்தவன் அழுதுட்டான்க்கா. என்னமும் செய்யுங்க." மனசக்கா, "அப்படியா" என்பாள். கையில் வேறு யாருடையதோ மகளின் கல்யாணக் கவலை இருக்கும். அதை இறக்கி வைக்க நேரமிருக்காது.

எட்டாம் நாள் பத்து மணி வாக்கில் சங்கையாவின் லாரி நிறுத்தத்தை ஒட்டி வந்து நின்றது. நின்ற வேகத்திலேயே கதவைத் திறந்து குதித்து, நேரே வடக்கு மூலைக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ரெண்டு நாள் தாமதமாக வந்திருக்கிறார், ரோட்டில் ஒரு இடத்தில் உண்மையாகவே வண்டி சரியப் பார்த்துத் தப்பியிருக்கிறார், அதைச் சொல்வதற்காகவே கயத்தாற்றிலிருந்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். முதலில் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். அங்கே குருவம்மாள் முறத்தில் அரிசி புடைத்தபடி, "வந்துட்டீயளா" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். ஏன் லேட் என்று கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. வண்டி சரிந்த கதையைச் சொன்னதற்கு, "சரி" என்றாள்.

"எம் பொண்டாட்டி கவலையத் திருப்பிக் குடுங்கம்மா!" என்று கத்தினார் சங்கையா.

"அவங்களாத்தான் குடுத்தாங்க."

"குடுப்பா. அவளுக்கு அது கல்லு. எனக்கு? குஜராத்துல, ஒரு மனுசன் தெரியாத ஊர்ல, ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் செத்தனா இருக்கனான்னு நெனச்சுக் கெடக்க எருக்கலாங்குளத்துல ஒருத்தி இருக்காங்கிற நெனப்புலதான் கண்ண முழிச்சு ஓட்டுதேன். பதினாறு வருசம் அதப் புடிச்சுக்கிட்டுத்தான் வீடு வந்து சேந்திருக்கேன். அதப்போயி நீங்க கம்பியில கட்டித் தொங்கவிட்டிருக்கீய!"

மனசக்கா நடப்பதை நிறுத்தினாள். வந்த எட்டு நாளில் அவள் கால் நின்றது அப்போதுதான்.

சங்கையா மூக்கைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். "இன்னொண்ணும் சொல்லணும். கன்னியாகுமரியில லோடு எறக்கப் போனப்ப ஒங்க உடம்பப் பாத்தேன். சுத்திக்கிட்டே இருந்துச்சு. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது மனசு எறங்கிப்போன கேஸு. எங்களுக்கு இது புதுசா? எத்தன நாள் கை ஸ்டீரிங்குல இருக்கும், ஆளு எங்கயோ இருப்போம். வண்டியக் குறுக்க போட்டு மறிச்சு, கைப்பிடியப் புடிச்சு வடக்க பாத்துத் திருப்பி விட்டேன். வந்துக்கிட்டிருக்கு. நாளைக்கு மத்தியானம் இந்த வழியாத்தான் போகும். நிக்காது. நிக்கச் சொல்ல அதுக்குள்ள ஆளு இல்ல. நீங்க ஏறலைன்னா அது மதுரை போகும், மெட்ராஸ் போகும், போயிக்கிட்டே இருந்து எங்கனயாவது விழுந்து செத்துப்போகும். ஒங்களத் தேட ஒரு ஆளு கூடவா இல்ல?"

மனசக்கா கம்பியில் தொங்கிய முடிச்சுகளைப் பார்த்தாள். இவளுக்காகக் கவலைப்பட ஒருத்தி இருந்தாள். அவளை நாலு பேர் முன்னால் அடித்தாகிவிட்டது. அவளுக்காக இவள் படவேண்டிய கவலையை பாம்புக்கும் மழைக்கும் அடியில் போட்டு மூடியாகிவிட்டது. சித்தி வீட்டில் அந்தப் பெண் சாப்பிட்டாளா, காய்ச்சல் வந்ததா, அழுதாளா, எதுவும் பதினாலு மாதமாக இவளுக்குத் தெரியாது. அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறாள்! ஜெசிந்தாவுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வரை வீடு வீடாகப் போய் முடிச்சுகளைத் திருப்பிக் கொடுத்தாள். ஒருத்தரும் சந்தோஷமாக வாங்கவில்லை. "குடுத்தத வாங்குற பழக்கம் இந்த ஊர்ல இல்ல" என்று கதவைச் சாத்தினார்கள் சிலர். "இன்னும் ஒரு வாரம் வச்சிருங்களேன், மகளுக்குத் தேதி மட்டும் குறிச்சிருதோம்" என்று கெஞ்சினார்கள் சிலர். வாங்காதவர்கள் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்தாள். குருவம்மாள் கை நீட்டி வாங்கி, முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்த மறுநிமிஷம் முறத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, "ஐயோ, வண்டி சரிஞ்சுச்சுன்னு சொன்னீயளே, எங்கன? எங்கன அடி பட்டுச்சு? சட்டையக் கழட்டுங்க பாப்போம்! ரெண்டு நாளாச்சே பாவி மனுசா, ஒரு போன் போடக்கூடாதா, கைய ஒடச்சா வச்சிருந்தீய?" என்று புருஷனைப் பிடித்து உலுக்கினாள். சங்கையா ஆனந்தமாகத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஊர் ரோட்டோரத்துக்கு வந்துவிட்டது. திரும்ப வந்த கவலைகளால் எல்லோர் முகமும் பழையபடி சுருங்கியிருந்தது, ஆனாலும் வந்தார்கள். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். தங்கப்பழம் அண்ணாச்சி பழையபடி பயந்து பயந்து போட்ட ஒரு டீயோடு நின்றார். தெற்கே கானலுக்குள்ளிருந்து அது வந்தது. மஞ்சள் சட்டை வெளுத்து வெள்ளையாகிப்போயிருந்தது. கன்னம் ஒட்டி, கண் திறந்தபடி எதையும் பார்க்காமல், ஆனால் கால் மட்டும் மாறாமல் மிதித்துக்கொண்டு வந்தது. ஆரத்தி சுற்ற நேரம் கிடைக்கவில்லை.

"ஓடுங்க மனசக்கா!" என்று சங்கையா கத்தினார். "வெரசா! புடிச்சு ஏறுங்க!"

ஜெசிந்தா ஓடினாள். காற்று பக்கவாட்டில் தள்ளியது. ஓடும்போதே உள்ளுக்குள் ஒன்று, வேண்டாம், நில், இங்கே எவ்வளவு நன்றாக இருந்தது, திரும்பப் போனால் மறுபடியும் அதே ரோடு, அதே சத்தம், போதும் நில் என்றது. அவள் நிற்கவில்லை. இருக்கையின் பின்புறத்தைப் பிடித்தாள், ரெண்டு எட்டு இழுபட்டாள், தாவினாள்.

ஒன்பது நாள் வலியும் ஒரே மூச்சில் வந்து இறங்கியது. அலறிவிட்டாள். பாதம் எரிந்தது, உதடு எரிந்தது, தொடையில் ஆயிரம் ஊசி. பிரேக்கில் கை போனது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கை பிரேக்கை விட்டது. அடுத்த மைல்கல் வந்தது, பளார் என்று கேட்டது. அதற்கடுத்ததும் பளார். இந்தத் தடவை அவள் முழங்காலைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்லவில்லை. நான்தான் அடித்தேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். பளார். நான்தான். பளார். நான்தான். அப்படியே கோவில்பட்டி போயிற்று, சாத்தூர் போயிற்று, விருதுநகர் போயிற்று. சத்தம் குறையவே இல்லை. குறையும் என்று எதிர்பார்ப்பதைத்தான் எங்கோ ஒரு இடத்தில் விட்டுவிட்டாள், அதற்குப் பிறகு மிதிக்க முடிந்தது.

மதுரையில் வலது பக்கம் திருச்சி ரோடு. நாற்பது மணி நேரம் என்றைக்கோ முடிந்து, பந்தயம் நடத்தினவர்கள் பேரை அடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் இடது பக்கம் திரும்பினாள். திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்துக் காவல்காரர் கொடுத்த சாக்கில் படுத்தாள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து இட்லி தின்றாள். தாராபுரத்துக்கு முன்னால் ஒருதரம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, வர மாட்டேன், போ என்று அதனிடமே சண்டை போட்டு, கால் மணி நேரம் அழுதுவிட்டு, மறுபடி தூக்கி நிறுத்தி ஏறினாள். மனசும் உடம்பும் மாறி மாறி இறங்கப் பார்த்தன. ஒன்று இறங்கப் பார்க்கும்போது இன்னொன்று பிடித்துக்கொண்டது.

கோயம்புத்தூர் சௌரிபாளையத்தில் தங்கை ஆக்னஸின் வீட்டு வாசலில் அவள் போய் நின்றபோது காலை பதினோரு மணி. கேட்டைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தாள், மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. தலைக்குக் குளித்துத் துண்டு கட்டிய கோலத்தில் ஜோவிட்டா வெளியே வந்தாள், பார்த்தாள், படியிலேயே நின்றுவிட்டாள். பதினாலு மாதத்துக்கு அப்புறம் முதல் பேச்சு அவளிடமிருந்துதான் வந்தது.

"எதுலம்மா வந்த?"

"சைக்கிள்ல."

"திருச்சியிலேருந்தா?"

"கன்னியாகுமரியிலேருந்து."

ஜோவிட்டா கிட்டே வந்தாள். வெடித்த உதட்டைப் பார்த்தாள், செருப்புக்கு அடியில் தெரிந்த பாதத்தைப் பார்த்தாள், முகம் கோணியது.

"உன்னை அடிச்சது தப்புடி" என்றாள் ஜெசிந்தா. "போதும்னு நீ சொன்னப்போ போதாம இருந்தது எனக்குத்தான். அதுக்கு உன்னை அடிச்சேன். தப்பு."

"இதைச் சொல்ல போன் இல்லையா?" என்றாள் ஜோவிட்டா. "தினமும் போனைக் கையிலேயே வச்சுக்கிட்டுத் தூங்கினேம்மா நான். இப்படிச் சாகக் கிடந்துதான் வந்து சொல்லணுமா?"

"போன்னா பாதியிலயே கட் ஆயிருக்கும்."

"நான் ஒண்ணும் கட் பண்ணியிருக்க மாட்டேன்."

"நீ பண்ண மாட்ட" என்றாள் ஜெசிந்தா. "நான் பண்ணியிருப்பேன்."

இறங்குவதற்காகக் காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. ஜோவிட்டா ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறுகையை அம்மாவின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, "வெயிட்டை என் மேல போடும்மா, விழ மாட்ட" என்றாள்.